வயல் நீரை வானொலியால் அறிதல்

நெற்செய்கையிலும் தோட்டச் செய்கையிலும் கமக்காரரின் உழைப்பிற் பெரும்பகுதி நீர் பாய்ச்சுவதிற் செல்கின்றதென்று பொதுவாகக் கூறுவர். கூர்ந்து நோக்கின், நீரைப் பாய்ச்சுவதிலும் பார்க்க, வயலில் நீர் நிற்கின்றதா வற்றிவிட்டதா என்று பார்த்து வருவதற்கே அவருடைய காலமும் உடல் வலுவும் கூடுதலாகச் செலவாவதைக் காணலாம். வீட்டிற்கும் வயலுக்கும் இடையே ஒரு மைல் தூரமிருப்பின் நாளொன்றுக்கு இருமுறை சென்று திரும்புதல் எளிதன்று. இரவில் வரம்பு வழியே செல்வோருக்குக் கண்ணாடி விரியனால் நேரும் ஆபத்தும் உண்டு. சென்று பார்க்க இயலாத நாட்களில், பயிர் வாடிவிடுமோ என்னும் அச்சத்தினாலே தேவைக்கு மேலாக நீர் கட்டப்படுகின்றது. இவ்வாறு வீணாகும் நீர் கடைமடை வயலுக்குச் சேரவேண்டிய நீராகும்.

வயலின் நீர்மட்டத்தைத் தானே அளந்து, அளவை வானொலி அலை மூலம் வீட்டிற்கு அறிவிக்கும் சிறு கருவியொன்றை இன்று கமக்காரர் தாமே அமைத்துக்கொள்ளலாம். பாடசாலையில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகளின் உதவியும் இதற்குப் போதுமானது. அக்கருவி எவ்வாறு வேலை செய்கின்றது, அதனை எங்கே எப்படி நாட்டுதல் வேண்டும், எவ்விடத்தில் அதனை நம்பலாகாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன. இதில் முதன்மையான விதி ஒன்றுண்டு. முதலில் அறிதல் வேண்டும். இயக்குதல் அதன் பின்னரே.

ஆர்வலர் வளர்த்த கலை

இத்தகைய கருவிகள் பெரிய தொழிற்சாலைகளில் மாத்திரம் தோன்றியவை அல்ல. தம் ஓய்வு நேரத்தில் வானொலிக் கருவிகளை அமைத்துப் பழகிய ஆர்வலர் பலர் இக்கலையை வளர்த்தனர். இலங்கையிலும் ஒலிபரப்பு இவ்வாறே தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் 1923 ஆம் ஆண்டில், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியொன்றை அமைத்து, கொழும்பிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களை ஒலிபரப்பினார். இலங்கையரும் ஆங்கிலேயருமான ஆர்வலர் சிலர் அவருக்குத் துணை நின்றனர்.

1971 ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் தீவுகளிடையே கணினிச் செய்திகளை வானொலியால் அனுப்பும் வலையமைப்பொன்றை நிறுவினர். 1978 இல் கனடாவின் மொன்றியல் நகர அமெச்சூர் வானொலி ஆர்வலர், செய்திகளைச் சிறு பொதிகளாக்கி அனுப்பும் அம்முறையைத் தம் வீட்டுக் கருவிகளிற் கையாண்டனர். 2005 இல் இத்தாலியின் இவ்றேயா நகரில் மாணவரின் பயிற்சிக்கென ஆடுயினோ என்னும் சிறு கணினிப் பலகை ஆக்கப்பட்டது. பொறியியல் கல்லாதோரும் உணரி, விளக்கு, மோட்டர் முதலியவற்றை இணைத்துக் கட்டுப்படுத்த அது வழி செய்தது.

இக்கலையின் பயன் பெருந்துன்பத்தின்போது வெளிப்படுவதுமுண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின் அம்பாந்தோட்டையில் ஏனைய தொடர்புகள் அற்றுப்போன வேளையில், இலங்கை அமெச்சூர் வானொலி ஆர்வலர் பற்றரியால் இயங்கும் சிற்றலைக் கருவிகளைக் கொண்டு கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். எளிய கருவி, சொந்த மின்கலம், பழகிய கை ஆகிய மூன்றுமே அன்று உதவின. வயலிற் கருவி அமைப்போரும் இம்மூன்றையுமே நாடுதல் நன்று.

கருவியின் உறுப்புக்கள்

கருவிக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு. முதலாவது, நீரையோ ஈரத்தையோ அளக்கும் உணரி. இரண்டாவது, அளவைக் கணக்கிடும் சிறு கணினிப் பலகை. மூன்றாவது, செய்தியை அனுப்பும் வானொலிப் பகுதி. நான்காவது, சிறிய சூரிய மின்தகட்டினால் மின்னேற்றப்படும் மின்கலம். வீட்டில் இதே வகையான வானொலிப் பகுதியுள்ள இன்னொரு பலகை செய்தியைப் பெற்றுக் காட்டும்.

வயற் கருவி எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதில்லை. அரைமணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்குமாறு அதனை அமைக்கலாம். விழித்திருப்பது சில விநாடிகளே ஆதலால் மின்கலத்தின் செலவு மிகக் குறையும். மழைக்கால இருண்ட நாட்களிலும் அது தாக்குப்பிடிக்கும்.

பெட்டியை வெண்ணிறம் பூசி, நேர் வெயில் படாமல் நிழலிடுதல் வேண்டும். லிதியம் மின்கலம் கடும் வெப்பத்தில் விரைவிற் கெடும்; அளவு கடந்து மின்னேறினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆதலின் பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய மின்கலத்தையே வாங்குதல் வேண்டும். கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழைதல் வேண்டும். நுழையுமுன் அவை சற்றுக் கீழே வளைந்து தொங்கினால், மழைநீர் கம்பி வழியே உள்ளே செல்லாது வளைவிற் சொட்டிவிடும். எறும்புகள் பெட்டியினுட் கூடு கட்டுமாதலால் துளைகளை மெல்லிய வலையால் மூடுக.

நெல் வயலில்

நெல் வயலில் எந்நேரமும் நீரை நிறுத்தி வைத்தல் இன்றியமையாததன்று. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் நனைத்தலும் காயவிடுதலும் என்னும் முறையில், வயலிற் கட்டிய நீர் வற்றி மண் மட்டத்திற்குக் கீழே 15 சென்ரிமீற்றர், அதாவது சுமார் 6 அங்குலம், தாழும்வரை பொறுத்திருந்து மீண்டும் 5 சென்ரிமீற்றர் உயரத்திற்கு நீர் கட்டப்படும். விளைச்சலைக் குறைக்காது நீர்ச் செலவை 30 சதவீதம் வரை இம்முறை குறைக்கலாமென அந்நிலையம் கூறுகின்றது. மேலே மண் காய்ந்து தோன்றினும் வேர்கள் கீழுள்ள ஈரத்தைப் பெறுகின்றன என்பதே இதன் காரணம்.

மண்ணுக்குக் கீழுள்ள நீர்மட்டத்தைக் கண்ணாற் காண, சுற்றிலும் துளையிட்ட பிளாத்திக்குக் குழாயோ மூங்கிலோ வயலில் நாட்டப்படும். கருவி பொருத்துவதற்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் அகலமும் 35 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய் பொருத்தமானது. அதில் 20 சென்ரிமீற்றர் மண்ணினுள்ளும் 15 சென்ரிமீற்றர் வெளியிலும் நிற்குமாறு நாட்டி, உள்ளே புகுந்த மண்ணை அகற்றுக. உழவுப் படைக்குக் கீழே இறுகியுள்ள படையைத் துளைத்துவிடலாகாது. துளைத்தால் அவ்விடத்தில் நீர் கீழே வடிந்து பொய்யான அளவு தோன்றும். வரம்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, வயலின் நடுத்தர மட்டமுள்ள இடத்தைத் தெரிந்து நாட்டுக. மேடும் பள்ளமும் அளவைக் கெடுக்கும். நீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் புறமும் மட்டம் ஒன்றாயிருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஒன்றாயில்லையெனின் துளைகள் அடைபட்டுள்ளன என்பது பொருள்.

இக்குழாயினுள் வைப்பதற்கு மிகவும் எளிய உணரி மிதவை ஆளியாகும். நீர் குறித்த மட்டத்திற்குத் தாழ்ந்ததும் மிதவை இறங்கி மின்சுற்றை மூடும். கருவி அறிவிப்பது போதும், போதாது என்னும் இரு சொற்களையே. தொடக்கத்திற்கு அதுவே போதுமானது.

நீர்மட்டத்தை எண்ணால் அறிய விரும்புவோர் ஒலி உணரியைப் பயன்படுத்தலாம். காதிற் கேளாத ஒலியை அது கீழ்நோக்கி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். 30 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒலி ஒரு விநாடியிற் சுமார் 350 மீற்றர் செல்லும். வெப்பம் மாறின் இவ்வேகமும் மாறும். விடியலுக்கும் நண்பகலுக்கும் வெப்பம் 10 பாகை வேறுபடின், அரை மீற்றர் தூர அளவில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் பிழை ஏற்படும். ஆதலின் நாள்தோறும் ஒரே வேளையில், சிறப்பாக விடியற்காலையில், பெற்ற அளவுகளையே ஒப்பிடுதல் வேண்டும். நீர் புகாத ஒலி உணரிகள் பல 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தூரத்தைச் சரிவர அளக்கமாட்டா. எனவே நீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்திலிருந்து அதற்கு மேலான உயரத்தில் உணரியைப் பொருத்துக.

கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்யினும், பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்னிருந்து ஒரு வாரம் பின்வரை வயலைக் காயவிடலாகாது. அக்காலத்தில் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்றல் வேண்டும். அப்போது நீர் குறைந்தால் பதர் மிகும். களை மிகுந்த வயலில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு நீரைக் கட்டி வைத்து, அதன்பின் இம்முறையைத் தொடங்குக. நேரடியாக விதைத்த வயலிற் பயிர் 10 சென்ரிமீற்றர் உயர்ந்த பின்னரே தொடங்குதல் தகும். வாய்க்கால் நீர் முறைப்படி வழங்கப்படும் இடங்களில், கருவி காட்டும் அளவுடன் அடுத்த முறை வரும் நாளையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். 15 சென்ரிமீற்றர் தாழும்வரை காத்திருந்தபின் முறை நீர் ஐந்து நாள் பிந்தினால் நட்டம் கமக்காரருக்கேயாம்.

மரக்கறித் தோட்டத்தில்

மேட்டு நிலத் தோட்டத்தில் அளக்கவேண்டியது மண்ணின் ஈரமாகும். விலை குறைந்த ஈர உணரிகள் இருவகை. இரு உலோகக் கால்களிடையே மின்னோட்டத்தைச் செலுத்தி அளப்பது ஒருவகை. மின்பகுப்பினால் அதன் கால்கள் சில வாரங்களில் அரிந்துபோம். மற்றைய வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. மின்கொள்ளளவின் மாற்றத்தால் அது ஈரத்தை அறியும். இவ்வகையையே வாங்குதல் நன்று. இதன் பலகையின் ஓரங்கள் நீரை உறிஞ்சுமாதலால், நாட்டுமுன் ஓரங்களுக்கு நகப்பூச்சோ வார்னிசோ இருமுறை பூசுக.

உணரி காட்டும் எண் தன்னளவிற் பொருளற்றது. செம்மண்ணில் ஓர் எண்ணும் மணல் மண்ணில் வேறோர் எண்ணும் தோன்றும். எனவே ஒவ்வொருவரும் தம் மண்ணிலேயே அதனைப் பழக்குதல் வேண்டும். நன்கு உலர்ந்த மண்ணில் வைத்து வரும் எண்ணைக் குறிக்க. பின் நிறைய நீரூற்றி, ஒருநாள் வடியவிட்டு வரும் எண்ணைக் குறிக்க. இவ்விரண்டிற்கும் இடையே பயிரின் தேவை அமையும். இரு வாரகாலம் நாள்தோறும் மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்த்து, நீர் பாய்ச்சவேண்டுமென்று தோன்றும் நாளில் உணரியின் எண்ணையும் எழுதிவைக்க. பல்லாண்டு பழகிய கை கூறுவதையே உணரி பின்னர்த் திருப்பிக் கூறும். வெங்காயம் போன்ற மேல்வேர்ப் பயிருக்கு உணரியை ஆழமாக நாட்டினால் அளவு பிழைக்கும். வேர் நிற்கும் ஆழமே உணரி நிற்கவேண்டிய ஆழம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு இவ்வளவு மிகவும் வேண்டியதாகும். அங்கே வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லினுள் நன்னீர், உவர் நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதன் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்குமென்பது நீரியல் விதி. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்தால், காலப்போக்கில் உவர் நீர் 40 அடி வரை மேலெழக் கூடும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவராவது இதனாலாகும். மேலும், மிகையாகப் பாய்ச்சிய நீர் பசளையைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்லும். வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீணான இறைப்பு மின்சாரத்தையும் பசளையையும் மாத்திரமன்றிக் குடிக்கும் நீரையும் கெடுக்கின்றது.

செய்தி செல்லும் வழி

வீட்டிலுள்ள வைஃபை அலை வயல்வரை எட்டாது. கைத்தொலைபேசிச் சேவை சில இடங்களில் இல்லை. இக்குறையை லோறா என்னும் வானொலி முறை நீக்குகின்றது. பிரான்சின் கிறெனோபிள் நகரிலிருந்த சிறு நிறுவனமொன்றில் உருவான இம்முறையில், அலையின் அதிர்வெண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிச் செல்லுமாறு செய்தி அனுப்பப்படும். இரைச்சலினிடையேயும் அவ்வழுக்கலைப் பெறும் கருவி இனங்காணும். ஆதலால் மிகச் சிறிய வலுவைக் கொண்டே வெட்டவெளியிற் சில கிலோமீற்றர் தூரம் செய்தி செல்லும். வேகம் மிகக் குறைவாதலால் படமோ குரலோ அனுப்ப இயலாது. நீர்மட்டத்தைக் கூறுவதற்கு அவ்வேகம் போதும்.

அலைகம்பியின் நீளம் அலையின் நீளத்திற் காற்பங்கு இருத்தல் வேண்டும். 433 மெகாஹேட்சு அலைக்கு அது ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். அலைகம்பியை இணைக்காது கருவிக்கு மின் வழங்கலாகாது. அனுப்பும் பகுதி பழுதுபடக் கூடும். ஈரமான இலைகள் அலையை விழுங்குமாதலால், பயிர் வளர்ந்தபின் நெற்கதிருக்கு மேலே அலைகம்பி நிற்குமாறு கம்பத்தை உயர்த்துக. கம்பம் இடியை ஈர்க்கக் கூடியது. மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமுழக்கத்தின்போது அதன் அருகிற் செல்லலாகாது.

ஓரூரிற் பலர் கருவி நாட்டின் இரு செய்திகள் ஒரே கணத்தில் எழுந்து மோதி அழியலாம். ஹவாயில் 1971 இற் கண்ட தீர்வே இன்றும் பொருந்தும். ஒவ்வொரு கருவியும் தன் நேரத்தைச் சில விநாடி முன்பின்னாக மாற்றிக்கொள்ளுமாறு அமைக்க.

ஒவ்வொரு செய்தியிலும் மூன்று எண்கள் இருத்தல் நன்று. அவை நீரின் அளவு, மின்கலத்தின் நிலை, செய்தியின் வரிசை எண் என்பன. வரிசை எண் 41 இன் பின் 44 வந்தால் இரண்டு செய்திகள் தவறின என்பது புலனாகும். செய்தி வராமையை நீர் போதுமென்று கருதுதல் பெரும் பிழை. இரண்டு மணி நேரம் செய்தி வராவிடின் வீட்டுக் கருவி மணியொலிக்கச் செய்க.

பம்பியைத் தானே இயக்குதல்

ஒரு போகம் முழுவதும் அளவுகளைக் குறித்து, அவை உண்மையென்று கண்ட பின்னரே பம்பியைக் கருவியுடன் இணைக்க எண்ணுதல் வேண்டும். தானே இயங்கும் இயந்திரம் தவறையும் தானே செய்யும். பழுதுபட்ட உணரி மண் உலர்ந்ததென்று பொய் கூறின், பம்பி விடியும்வரை இறைத்துக் கிணற்றை வெறிதாக்கும். நீரின்றி ஓடும் பம்பியின் அடைப்புக்கள் தேய, மோட்டரும் எரிந்துபோம்.

எனவே மூன்று காப்புக்கள் இன்றியமையாதன. கிணற்றினுள் தாழ்ந்த மட்டத்தில் ஒரு மிதவை ஆளி நின்று, நீர் அம்மட்டத்தை அடைந்ததும் மோட்டரை நிறுத்துதல் வேண்டும். உணரி யாது கூறினும், குறித்த நேரம் கழிந்ததும் மோட்டர் தானே நிற்றல் வேண்டும். வானொலிச் செய்தி அறுந்தால் மோட்டர் ஓடிக்கொண்டிராது நிற்றல் வேண்டும். இவற்றுடன், கருவி முழுவதையும் விலக்கிக் கையாலேயே இயக்கும் ஆளியும் பம்பியின் அருகே இருத்தல் வேண்டும்.

மோட்டர் தொடங்கும் கணத்தில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு பாயும். சிறு கணினிப் பலகையுடன் விற்கப்படும் சிறிய றிலே அதனைத் தாங்காது. மோட்டருக்குரிய பெரிய கொண்டாக்ரரையே அது இயக்குதல் வேண்டும். 230 வோல்ற்று மின்சார வேலையைத் தகுதி பெற்ற மின்வினைஞரிடம் விடுக. ஈரநிலத்தில் நின்று செய்யும் வேலையாதலால் நிலத்தொடுப்பும் றிப் ஆளியும் கட்டாயம் வேண்டும். மண்ணெண்ணெய்ப் பம்பிக்கு இம்முறை பொருந்தாது. அதற்கு அறிவித்தல் மாத்திரமே போதும்.

சட்டமும் வானலையும்

வானலை அனைவருக்கும் பொதுவாகையால் அதன் பயன் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. அமெச்சூர் வானொலிக்குத் தேர்வும் உரிமமும் வேண்டும். அவ்வுரிமம் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. வருமானம் தேடும் வேலைக்கு உரியதன்று. விளைபொருளை விற்கும் கமத்தின் கருவி, சிறு வலுக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட அலைகளிலேயே இயங்குதல் வேண்டும். எந்த அலையில் எவ்வளவு வலு அனுமதிக்கப்படுகின்றதென்பதை, கருவி வாங்குமுன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிக. வேறு நாட்டிற்கென ஆக்கிய கருவிகளும் சந்தையில் உள. எனினும் ஊரில் அமெச்சூர் ஆர்வலர் எவரேனும் இருப்பின் அவரை நாடுதல் பயன் தரும். அலைகம்பியையும் மின்கலத்தையும் பற்றி அவர் அறிந்திருப்பது கடைகளிற் கிடையாத அறிவாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. முதற் போகத்தில் ஒரு வயலில் ஒரு குழாயும் ஒரு மிதவை ஆளியும் மாத்திரம் நாட்டுக.

2. கருவி கூறுவதை வாரத்திற்கு ஒருமுறை நேரிற் சென்று அளவுகோலால் ஒப்பிட்டுக் கொப்பியிற் குறிக்க.

3. பூக்கும் பருவத்தில் வயலைக் காயவிடற்க.

4. ஈர உணரியைத் தம் மண்ணிற் பழக்காது பயன்படுத்தற்க.

5. செய்தி வராவிடின் கருவி பழுதென்று கொண்டு வயலுக்குச் செல்க.

6. மூன்று காப்புக்களும் அமையுமுன் பம்பியைக் கருவியிடம் ஒப்படைக்கற்க.

7. உதிரி மிதவையொன்றும் உதிரி மின்கலமொன்றும் வீட்டில் வைத்திருக்க. பயிர் நிற்கும் காலத்திற் பழுது திருத்தத் தாமதித்தல் கூடாது.